ஒற்றைச் சிங்கத்து வீடு

சனிக்கிழமை மத்தியானம் கஞ்சிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின் எலிசா சிங்கத்தைக் கழுவுவாள். ஒரு சிரட்டையில் அடுப்புச் சாம்பல், கையில் தேங்காய்த் தும்பு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். முதலில் தலை. இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி சுருள் சுருளாகப் பிடரிமயிர். அந்தச் சுருள்களுக்குள் ஒரு வாரத்துப் புழுதி ஏறியிருக்கும். விரலை விட்டு ஒவ்வொன்றாகக் குடைந்து எடுப்பாள். பிறகு நெற்றி, முட்டை போலப் பிதுங்கிய கண்கள், காதுவரை சிரிக்கிற வாய். வாய்க்குள் குளவி கூடு வைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பாள். முதுகு, வால், கடைசியில் முன்காலுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் குட்டி. இத்தனையும் செய்யும்போது வாய்க்குள் ஏதாவது ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் ஆராதனைக்குப் போகிறவர்கள் அவள் வீட்டு வாசல் நடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அழுக்குச் சிங்கத்தைத் தாண்டி அவர்கள் போவது அவளுக்குப் பிடிக்காது.

சிங்கத்தோடு வேலை முடியாது. தெருவில் நின்று பார்த்தால் நடைக்கு இடப்பக்கம் ஒரு சதுரக் கல்லின்மேல் சிங்கம். வலப்பக்கம் அதே அளவில் ஒரு வெறும் சதுரக் கல். அதையும் தேய்த்துக் கழுவுவாள். அதில் யாரும் உட்காரக்கூடாது, எதுவும் வைக்கக்கூடாது. பக்கத்து வீட்டில் இருந்த முத்துக்கனி, எலிசாவின் புருஷனுக்கு மூத்த சகோதரி. அவளுக்கு அந்தக் கல்லின்மேல் ஒரு கண். மேற்கு வெயில் நேராக விழுகிற கல் அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான்.

"ஏட்டி, நாலு மிளகா காய்ஞ்சா உனக்க கல்லு தேஞ்சா போவும்?"

"அதுல நிக்க ஒரு ஆளு வர இருக்கு மைனி."

"வாற அன்னைக்கு நான் மிளகாயை வாரிக்கிடுகேன்."

"இப்பவே வாரிக்கிடுங்க."

முத்துக்கனி வாரிக்கொண்டு போவாள். அடுத்த வாரம் மறுபடி கொண்டுவருவாள். இரண்டு பேருக்கும் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

இரணியல் சந்தையிலிருந்து கிழக்கே போகிற பாதையில் இருந்தது அந்த ஓட்டுவீடு. சிங்கம் வருவதற்கு முன்னால் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. வந்தபிறகு தபால்காரர் முதல் தயிர்க்காரி வரை எல்லாருக்கும் அது சிங்கத்து வீடு. எலிசா காலமாகி, வீடு கைமாறி, ஓடு போய் மேலே கான்கிரீட் ஏறியபிறகும் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எலிசாவின் புருஷன் ஏசுஅடிமை, மகள் ராகேல் தவழ்ந்துகொண்டிருந்த பருவத்தில் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஈய வியாபாரம் செய்த ஒரு சீன முதலாளியின் வீட்டு வாசலில் காவல் வேலை. பெரிய உருவம், பேச்சு நிற்காத வாய். எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு 'கேட்டியா' போடுவான். அந்த நாட்டுப்புறத்தில் எல்லாரும் போடுகிற வார்த்தைதான். ஆனால் அவன் அளவுக்கு யாரும் போட்டதில்லை. மழை வருது, கேட்டியா. சோறு வெந்திட்டு, கேட்டியா. ஆள் இல்லாத அறையில் செருப்பைத் தேடும்போதுகூட, 'இங்கதான் கிடந்து, கேட்டியா' என்று சுவரிடம் சொல்வான். தெருவில் அவனுக்குப் பட்டப்பெயரே அதுதான். "உனக்க கேட்டியா கடுதாசி போட்டானா?" என்று முத்துக்கனி தன் தம்பியைப் பற்றி எலிசாவிடம் கேட்பாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் அந்தச் சிங்கம் வந்தது. பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய வடசேரிக்காரர் செல்வதாஸ் அதைக் கொண்டுவந்தார். கப்பலில் நாகப்பட்டினம், ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து மாட்டுவண்டி. வைக்கோல் திணித்த மரப்பெட்டி. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்து அங்கிருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாராம். பிறகு கேட்டாராம்:

"இது சாமியா, சாமானா?"

"சாமானுதான்" என்று சொல்லி வண்டியை ஓட்டி வந்துவிட்டார் செல்வதாஸ். இந்தக் கதையை அவர் நடையில் நின்று சொன்னதில் தெருவுக்கே அது பாடமாகிவிட்டது. அப்புறம் பல வருஷம், யாராவது ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "சாமியா, சாமானா?" என்று கேட்பது அங்கே ஒரு விளையாட்டு.

செல்வதாஸ் வாய்வழியாக ஒரு சேதியும் கொண்டுவந்திருந்தார். சீன முதலாளி புதுவீடு கட்டி, அதற்குச் சீனாவிலிருந்தே பெரிய சிங்கங்கள் வரவழைத்துக்கொண்டார். பழைய வீட்டு வாசலில் நின்ற சின்ன ஜோடியை என்ன செய்வது என்று யோசித்தவர் ஏசுஅடிமையைக் கூப்பிட்டு, "நீயும் வாசலில் நின்றாய், இவையும் நின்றன, நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார்.

"அது எப்பவும் ரெண்டாத்தான் நிக்கணுமாம் அம்மா. சீனன் பிரிக்கமாட்டான். ஏசுஅடிமை சொல்லிவிட்டான், ஒண்ணை முதல்ல அனுப்புகேன், மத்ததோட நான் வாறேன்னு. அவளுக்கு இதைவிட என்ன உறுதி வேணும், கேட்டியான்னு சொன்னான்."

எலிசா சிரித்தாள். கேட்டியாவைச் செல்வதாஸ் அப்படியே அவன் குரலில் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே ஆள் வைத்து இரண்டு சதுரக் கற்களை நடைக்கு இருபுறமும் பதித்தாள். ஒன்றின்மேல் சிங்கத்தை ஏற்றினார்கள். வைக்கோலைத் தட்டிவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண் இரண்டிலும் சிவப்புப் பொட்டு. கழுத்தில் சிவப்புத் துணி ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. எலிசாவுடையது அப்பச்சன் காலத்திலிருந்து வேதக்காரக் குடும்பம். மறுநாள் ஞாயிறு. குங்குமம் வைத்த கல் ஒன்று நடையில் நின்றால் ஆராதனைக்குப் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தி மயங்குவதற்குள் சாம்பலும் தும்பும் எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். சிவப்பு முழுக்கப் போய், கண் சாம்பல்நிறக் கல்லாகத் தெரிகிறவரை விடவில்லை. அதுதான் முதல் சனிக்கிழமை.

துணியைத் தூரப்போட மனம் வரவில்லை. நல்ல வழவழப்பான துணி. ஓரம் மடித்துத் தைத்து, வேதபுத்தகத்தில் அடையாளமாக வைத்துக்கொண்டாள். சாயம் போகிற துணி. மழைக்காலத்தில் பக்கங்களின் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஊறியிருக்கும்.

மறுநாள் சபைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிங்கம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஓய்வுநாள் பள்ளிப் படத்தில் தானியேலைச் சுற்றி நிற்கிற சிங்கங்கள்தான். அவை ஒன்றும் இப்படிச் சிரிக்கவில்லை. "தானியேலைத் தின்னப் போன இடத்துல வழி தப்பி வந்திட்டு" என்றாள் முத்துக்கனி. காலுக்கடியில் கிடந்தது நாய்க்குட்டி என்றும், சிங்கம் அதை மிதித்துக் கொல்கிறது என்றும் தெரு தீர்மானித்தது. அப்போது புதிதாக வந்திருந்த உபதேசியார் ஜெபசீலன் சுற்றிவந்து பார்த்தார். வேதத்திலும் சிங்கம் உண்டுதானே என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முத்துக்கனி மட்டும் விடவில்லை. "உனக்க மாப்பிள்ளை நடையில நிக்காரு, உள்ள கூப்பிடாம என்ன செய்யுதே?" என்பாள். எலிசாவுக்கும் அப்படித்தான் ஒரு நினைப்பு. பெரிய தலை, பிதுங்கின கண், மூடாத வாய். யாருக்கும் கேட்காமல் சில சனிக்கிழமைகளில் அதனிடம் ஓரிரு வார்த்தை பேசியும் இருக்கிறாள். கூரையில் ஒழுக்கு. ராகேல் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினாள். இப்படி.

வருஷத்துக்கு ஓரிரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எலிசா மிஷனுக்காக வெள்ளை நூலில் ரேந்தைப் பூவேலை பின்னினாள். நல்ல கை. அவள் பின்னிய மேசைவிரிப்புகள் கடல் தாண்டிப் போயின. ராகேல் வளர்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பின்னத் தொடங்கினாள். ஏசுஅடிமையைப் பற்றி வீட்டில் பேச்சு குறைந்தது. வெறும் கல் மட்டும் வாராவாரம் கழுவப்பட்டது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஈயத்தின் விலையும் விழுந்தது. மலாயா நாட்டில் வேலை இல்லை என்று ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். தக்கலை வழியாகத் தகரப்பெட்டியும் குடையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் எலிசாவுக்குச் சிங்கத்தைக் கழுவ நேரம் கூடுதலாகப் பிடித்தது. வழியில் போகிறவர்கள் அதைக் கண்டு நிற்பார்கள். அக்கரையில் தெருவுக்குத் தெரு பார்த்த ஒன்று இரணியல் பக்கம் ஒரு ஓட்டுவீட்டு நடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கால் நகரும்? சொந்த ஊர் மண்ணை மிதித்தபோது முகம் மாறாத ஆட்கள் அந்தக் கல்லின் தலையைத் தடவிக்கொண்டு பினாங்கைப் பற்றிப் பேசினார்கள். மழை பெய்தால் தெருவில் எழும் வாசனை, டுரியான் பழம், ரிக்‌ஷா மணி, தாங்கள் குடியிருந்த லயத்துக்கு எதிரே இருந்த சீனக் கோயில். எலிசா குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். கேட்காமலே யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரும் சொன்னதில்லை.

அந்த நாட்களில்தான் வியாகுலம்மாள் தலையில் ஓலைக் கடவம் நிறைய மீனோடு அந்தப் பாதைக்கு வரத் தொடங்கினாள். குளச்சல்காரி, கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அவள் ஒரு சீனத் துணிக்கடைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவினாள். இருவரையும் அந்த வருஷம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே, எலிசா சிங்கத்தைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், கடவத்தை இறக்கி வைத்தவள் மீனை மறந்துவிட்டுச் சிங்கத்தின் முன்னால் குந்திக்கொண்டாள்.

"எம்மா, சாய்ல்லா இது. சிங்கத்தைச் சீனன் சாய்ம்பான். நீ எப்பம் வந்தே இங்க?" என்று சிங்கத்திடமே கேட்டாள். பிறகு எலிசாவைப் பார்த்து, "இந்தச் சீனனுக எந்தக் கரைக்குப் போனாலும் இதையும் தூக்கிட்டுத்தான் போவானுவ எக்கா. கப்பலுக்கு அடியில பாரத்துக்குப் போட்டுக் கொண்டுவருவானாம். சயாமுக்குப் போனா அங்கயும் இதுதான், மலாக்காவுக்குப் போனா அங்கயும் இதுதான். வாசல்ல கெட்டது எதுவும் கடக்கப்படாது, அதுக்கு. ஆனா இது பொம்பளைல்லா. ஆணு எங்க?" என்றாள்.

"எது பொம்பளை?"

"இதுதான். ஆணுக்குக் காலுக்கடியில பந்து இருக்கும். பொம்பளைக்குக் குட்டி இருக்கும்."

எலிசாவின் கையிலிருந்த தும்பு நின்றது. "அது நாய்க்குட்டியில்லையா? மிதிச்சுக் கொல்லுதுன்னுல்லா சொன்னாவ."

"நல்லா சொன்னாவ. எந்தத் தள்ளை தனக்க பிள்ளையை மிதிச்சுக் கொல்லுவா? பாலு குடுக்கா எக்கா. அதுக்குப் பாலு கால் நகத்துலதான் சுரக்கும்னு சீனன் சொல்லுவான். குட்டிக்க வாயைப் பாருங்க."

எலிசா குனிந்து பார்த்தாள். எத்தனையோ சனிக்கிழமை கழுவிய வாய். அது பாதத்தைக் கவ்விக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். ஏசுஅடிமை அனுப்பியது தன் உருவத்தையல்ல, எலிசாவையும் பிள்ளையையும். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வியாகுலம்மாள் அதற்குள் சிங்கத்தின் கண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்க கண்ணு எங்க?"

"அதுதான் இருக்குல்லா, முட்டைக்கணக்கா."

"செவப்பு எங்கன்னு கேக்கேன். கல்தச்சன் கொத்தினா அது வெறும் கல்லு. நாள் பாத்து, ஒரு ஆளு மந்திரம் சொல்லி, ரெண்டு கண்ணுலயும் செவப்பு மை தொடணும். கழுத்துல செவப்புத் துணி கெட்டணும். அப்பந்தான் அது கண்ணு முழிக்கும். ஆரு வாறா, ஆரு போறான்னு பாக்கும். மழையில அழிஞ்சு போச்சா?"

"சாம்பல் போட்டுத் தேச்சேன்."

"எப்பம்?"

"வந்த அன்னைக்கு."

வியாகுலம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். "வந்த அன்னைக்கேயா? கடல் கடந்து வந்த சீவனை நடையில நிறுத்தி வச்சுக் கண்ணைப் பொட்டையாக்கிட்டியளே எக்கா. உங்க சபைக்காரங்களுக்குக் கல்லைக் கண்டாலே வெப்ராளம். எங்க கோயில்ல வந்து பாருங்க, எத்தனை சுரூபம் நிக்குது, எங்களை என்ன கடிச்சா வச்சிட்டு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம். இனி எந்த ஆளு வந்து நடையில நின்னாலும் இதுக்குத் தெரியாது."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். சாளை மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைய மீன்குழம்பில் எலிசா உப்பை இரண்டு தடவை போட்டாள்.

எலிசா அறிவில்லாதவள் அல்ல. கல் பார்க்கும், கல் கூப்பிடும் என்று நம்புகிறவளும் அல்ல. ஆனால் அவன் வராததற்கு இத்தனை வருஷமாக ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. இப்போது ஒன்று கிடைத்தது, அதுவும் தன் கையால் வந்தது. அவனுடைய குற்றம் என்றால் கடலுக்கு அப்பால் போய்த் திருத்த முடியாது. தன்னுடையது என்றால் ஒரு மத்தியானம் போதும்.

அடுத்த சனிக்கிழமை ராகேல் கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். எலிசா சிங்கத்தை வழக்கம்போலக் கழுவித் துடைத்தாள். உள்ளே போய் வேதபுத்தகத்தைத் திறந்து சிவப்புத் துணியை உருவினாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அதில் துணியைப் பிசைந்தாள். சாயம் இறங்கியது. ரேந்தை ஊசியின் முனையில் பஞ்சைச் சுற்றி, தோய்த்து, முதலில் ஒரு கண், பிறகு மறு கண். கல் சாயத்தைக் குடித்துவிட்டது. மறுபடி தோய்த்தாள். சீனனுக்கு இதற்கு நாள் பார்க்க வேண்டும், மந்திரம் வேண்டும். எலிசாவிடம் இருந்தது சனிக்கிழமையும், வாய்க்குள் ஓடிய கீர்த்தனையும்தான். துணியைப் பிழிந்து அதன் கழுத்திலேயே கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குப் பின்னால் போனார்கள். "ஏட்டி, உனக்க சிங்கத்துக்குக் கண்ணுநோவா? ரெண்டு சொட்டு ஆமணக்கெண்ணெய் விடு" என்றாள் முத்துக்கனி. ஆனால் ஆராதனை முடிந்து வரும்போது அவளும் வேறு வழியாகப் போனாள். சபையில் எலிசாவும் ராகேலும் உட்கார்ந்த வரிசையில் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வியாகுலம்மாள் வந்தாள். அன்று சன்னலோரம் ராகேல் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆ, இப்பம் பாக்குது" என்று கடவத்தை இறக்கினாள். "கொள்ளாம் எக்கா, சீனன் தோத்தான். துணிகூடக் கெட்டியிருக்கிய. ஆனா இதை ஒத்தையா வச்சா அவனுவ சிரிப்பானுவ. இப்படி ஒத்தையா வச்ச இன்னொரு ஆளை எனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்ல நினைச்சேன், சிரிப்புல மறந்துட்டு."

"ஆரு?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு சோத்துக்கடை. வாசல்ல பந்து மிதிச்ச ஆண் சிங்கம் ஒண்ணே ஒண்ணு. இதே உயரந்தான். போற சீனனெல்லாம், பெண்டாட்டி எங்க, ஓடிப்போனாளான்னு அந்தக் கடைக்காரரைக் கேலி செய்வான். அவரு கண்டுக்கிடமாட்டாரு. சீன வருசப்பிறப்புக்கு மறக்காம அதுக்க கண்ணுக்குச் செவப்பு விட்டு, புதுத்துணி கெட்டுவாரு. எங்களைப் போல ஆளுகளுக்குப் புளியும் தேங்காயும் அரைச்சு நம்ம ஊரு மீன்கறி அங்கதான் கிடைக்கும். வீட்டுக்காரி சயாம்காரி. பாவம், நல்ல பொம்பளை. சின்னது ரெண்டு எப்பவும் சிங்கத்துக்க முதுகுலதான் சவாரி."

எலிசா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "கடைக்காரரு நம்ம நாட்டு ஆளா?"

"நம்ம பேச்சேதான். சோறு சூடா இருக்கு, கேட்டியா. உப்புப் பாத்துப் போடு, கேட்டியா. நாங்க அந்தக் கடைக்கே கேட்டியா கடைன்னுதான் பேரு வச்சிருந்தோம்."

அவள் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கூடச் சிரிக்க யாரும் இல்லை. சன்னலுக்கு உள்ளே ராகேலின் கை நின்றிருந்தது. எலிசா ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வியாகுலம்மாள் சிங்கத்தைப் பார்த்தாள், எதிரே இருந்த வெறும் கல்லைப் பார்த்தாள், பிறகு தாயையும் மகளையும் பார்த்தாள்.

"நம்ம நாட்டுல ஆருதான் கேட்டியான்னு சொல்லாம இருக்கா" என்றாள் மெதுவாக. "ஊருபட்ட ஆளு அங்க." கேட்டதற்கு மேலே ஒரு கை மீனை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, கடவத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். வழக்கமாகத் தூக்கிவிட ஆள் கேட்பவள்.

அன்றைக்கு மீனை ராகேல்தான் கழுவினாள்.

புதன்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஜெபசீலன் வந்தார். நல்ல மனிதர். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, ராகேல் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை முழுக்கக் குடித்தபிறகுதான் பேச்சைத் தொடங்கினார்.

"எலிசாம்மா, சுங்கச் சாவடியில கேட்டதைத்தான் நானும் கேக்க வந்திருக்கேன். சாமியா, சாமானா?"

"ரெண்டும் இல்ல ஐயா."

"பின்ன?"

"ஒரு ஆளு குடுத்துவிட்டது."

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். "கல்லுதானே?"

"கல்லுதான்."

"அப்போ சாயம் என்னத்துக்கு?"

"நம்ம சபைக்கோயில் சுவரும் கல்லுதான். வருசாவருசம் சுண்ணாம்பு அடிக்கியள்லா."

ஜெபசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "எனக்கு விளங்குது. சபை மூப்பன்மாருக்கு விளங்காது. வாற ஞாயித்துக்கிழமை சபையில கர்த்தருக்க இராப்போஜனம். கண்ணெழுதின கல்லு நடையில நிக்க, நீங்க வந்து பந்தியில முழங்காலு போட்டா எழுந்து போயிருவோம்னு ரெண்டு பேரு சொல்லியாச்சு. நான் உங்களை எடுத்து மாத்தச் சொல்லல்ல. சனிக்கிழமைதோறும் கழுவுவியள்லா, இந்தச் சனிக்கிழமையும் கழுவுங்க. கண்ணையும் சேர்த்து. அவ்வளவுதான். அவரு வரணும்னா, அதுக்கு ஜெபம் பண்ணுகோம்."

"ஏழு வருசமா பண்ணுகியள் ஐயா."

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். நடையில் இறங்கும்போது சிங்கத்தைப் பார்க்காமல் இறங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்தார்கள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தது ராகேல். எலிசா முன்னறையில் சன்னலோரம் ரேந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் நடையைத் தாண்டி இறங்கியது. சிங்கத்தைக் கழுவுகிற நேரம் வந்து, கடந்தும் போயிற்று. குடத்தில் தண்ணீர் நிரப்பி நடையில் வைத்துவிட்டு, சிரட்டையில் சாம்பலும் கையில் தும்புமாக ராகேல் அறைக்குள் வந்து நின்றாள்.

"அம்மா."

"ம்."

"நேரம் ஆச்சு."

எலிசா பின்னலை விரலால் நீவி, அடுத்த கண்ணியில் ஊசியை விட்டாள்.

"அவரு வருவாருன்னா நீங்க கழுவாண்டாம்" என்றாள் ராகேல். வாரம் முழுக்க அதைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவள் போலப் பேசினாள். "சபையில என்ன சொன்னாலும் நான் உங்ககூட இருக்கேன். நாளைக்குப் பந்திக்கு நானும் போகல்ல. வரமாட்டாருன்னா, அதையும் சொல்லுங்க. நானே போய்க் கழுவிட்டு வாறேன். நீங்க பாக்கக்கூட வேண்டாம்."

நூல் தீர்ந்திருந்தது. எலிசா புது நூலை எடுத்து, நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, பழைய நுனியோடு முடிந்தாள். முடிச்சு தெரியாதபடி பின்னலுக்குள் அதைத் தள்ளிவிட்டாள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவள் கை போய்ச் சேருமட்டும் ராகேல் காத்திருந்தாள். அடுத்த வரிசை தொடங்கியது.

ராகேல் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சிங்கம் தன் பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தாலும் பாதையில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தது. எதிரே வெறும் கல்லின்மேல் முத்துக்கனியின் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காலையிலேயே பரப்பியிருக்க வேண்டும். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து அது நேராகத் தெரியும்; வாரச் சொல்லி அவள் இன்று குரல் கொடுக்கவில்லை.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஊசி போய் வந்தது.

ராகேல் சாம்பல் சிரட்டையை அம்மாவின் பக்கத்தில் தரையில் வைத்தாள். தும்பை அதன்மேல் வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாவாடையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டு, அறையைவிட்டு வெளியே போனாள்.